செத்த வீட்டில் சொல்லிப்போட்டுப் போன மனிசன்

என் ராசா,

நேற்றுப் பின்னேரம் நான் கதைத்துக்கொண்டிருக்கும்போதே நீ போனை வைத்துவிட்டாய். நீ வைத்த பிறகும் நான் அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பூமணி வேலிக்கு அங்காலே நின்று, "அக்கா, அங்கை ஆளில்லைப் போலை கிடக்கு, வையுங்கோ" என்று சொன்ன பிறகுதான் வைத்தேன். போனில் உன்னோடு வாதாட எனக்கு ஏலாது. நீ சத்தமாக ஒரு சொல் சொன்னால் எனக்கு அழுகை வந்துவிடும். நான் அழுதால் நீ வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிற எழுத்து இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். ஆனால் முழுவதையும் வாசி, நடுவில் மடித்து வைக்காதே.

நீ சொன்னது இவ்வளவுதான். நீர்கொழும்பில் நீ வேலை செய்கிற இடத்தில் எஞ்சின் பகுதியை மூடப்போகிறார்கள். அதை எப்படியோ கேள்விப்பட்டு உன் பழைய முதலாளி யோகண்ணை உனக்குப் போன் எடுத்து, திரும்பி வா தம்பி என்று கேட்டிருக்கிறார். நீ பதில் சொல்லாமல் வைத்துவிட்டாய். வெளிநாட்டுக் கப்பலில் வேலை எடுத்துத் தருகிறேன் என்று ஒருவன் சொல்கிறானாம், அதற்குப் போகப்போகிறாயாம். யோகண்ணை கேட்டால் வரலாம்தானே மோனை என்று நான் வாய் திறந்ததும் நீ பாய்ந்தாய். "அப்பாவை நடு வீட்டிலை கிடத்தியிருக்கேக்கை அந்த மனிசன் என்ன சொன்னதெண்டு மறந்திட்டியளே அம்மா? நான் பட்டினி கிடந்தாலும் அவற்றை படி மிதிக்கமாட்டன்." நான் மறக்கவில்லை ராசா. அதை மறக்கிறதென்றால் நான் உன் அப்பாவையே மறந்திருக்க வேண்டும். ஆனால் போன கிழமை நான் அந்தப் படியை மிதித்தேன். உனக்குச் சொல்லவில்லை. அங்கே கேட்டதில் இருந்து எனக்கு நித்திரை வருகுதில்லை. அப்பா போன அன்றைக்கு எப்படி விறைத்துப்போய் இருந்தேனோ, அப்படியே இருக்கிறேன்.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் எழுதப்போகிறேன். தெரிந்ததுதானே என்று தாண்டிப் போகாதே. நீ நின்ற இடத்திலிருந்து பார்த்தது ஒன்று, நான் இருந்த இடத்திலிருந்து பார்த்தது இன்னொன்று.

உன்னை யோகண்ணையிடம் கொண்டுபோய் விட்டது அப்பாதான். கடற்றொழில் செய்கிறவனுடைய மகனுக்குக் கடலில் சத்தி வரும் என்று ஊரில் யாராவது கேள்விப்பட்டிருப்பார்களா? உனக்கு வந்தது. கரையிலிருந்து கொஞ்சத் தூரம் போனதும் வள்ளத்தின் ஓரத்தில் தலையைத் தொங்கப்போட்டு வாந்தி எடுப்பாய். "மீனுக்குச் சாப்பாடு போடத்தான் இவனைக் கொண்டுபோறன்" என்று அப்பா துறைமுகத்தில் எல்லாருக்கும் சொல்லிச் சிரிப்பார். ஆனால் வீட்டுக்கு வந்து கவலைப்படுவார். வள்ளம் கரைக்கு வந்தால் மட்டும் நீ எஞ்சினை விட்டு அசையமாட்டாய், மூடியைக் கழற்றி உள்ளே பார்த்துக்கொண்டு இருப்பாய். அதைக் கண்டுதான் அப்பா உன்னை மயிலிட்டித் துறைமுகத்தடியில் இருக்கிற யோகண்ணையின் எஞ்சின் திருத்துகிற கராச்சுக்குக் கூட்டிக்கொண்டு போனார். யோகண்ணை உன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கடல் ஒத்துவராட்டி என்னண்ணை, நானும் கரையிலை இருந்துதானே கடலாலை பிழைக்கிறன். ஆளை விட்டிட்டுப் போங்கோ" என்றாராம். அப்பா அதை எத்தனை தரம் எனக்குச் சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை.

அங்கே ஆறு வருசம் நின்றாய். எஞ்சின் வேலை முழுக்க அங்கேதான் பழகினாய். கராச்சைப் பூட்டித் திறக்கிற திறப்பு உன்னிடம்தான் இருந்தது. யோகண்ணைக்கு ஆண் பிள்ளை இல்லை, உன்னைத்தான் அவர் நம்பியிருக்கிறார் என்று ஊர் சொல்லும். அந்த நேரத்தில்தான் நீர்கொழும்பில் இருந்து நல்ல சம்பளத்துக்குக் கூப்பிட்டார்கள். போவதில் ஒரு பிழையும் இல்லை. வளர்கிற பிள்ளை ஒரே இடத்தில் நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அப்பாவும் போ என்றுதான் சொன்னார். ஆனால், "அந்த மனிசனுக்கு நேரிலை சொல்லிப்போட்டுப் போடா" என்றார். நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். பிறகு நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னாய்: "அவற்றை முகத்தைப் பாத்தால் என்னாலை போக ஏலாதம்மா." எனக்கு அது விளங்கினது. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு சொன்னால் காணும்தானே என்று நானும் விட்டுவிட்டேன். நீ திறப்பைச் சந்தியில் இருக்கிற தேத்தண்ணிக் கடையில் குடுத்துவிட்டுப் பஸ் ஏறினாய். வவுனியா தாண்டினதும் போனில் இரண்டு வரி எழுதி அனுப்பினாய்.

இரண்டு நாள் கழித்து யோகண்ணையின் மனிசி வதனி என்னைத் துறைமுகத்தடியில் கண்டாள். மீன் வாங்க வந்த சனம் சுற்றி நின்றது. அவள் சண்டை பிடிக்கவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. "செத்த வீட்டாலை எழும்பிப் போற மாதிரியெல்லே அக்கா உங்கடை மகன் போட்டான். நாங்கள் என்ன, பிணத்தை வைச்சுக்கொண்டே இருந்தனாங்கள்?" என்று கேட்டாள். எனக்கு முகத்தில் அடித்ததுபோல இருந்தது. வேறு எந்த வீட்டில் இருந்து எழும்பினாலும் நாங்கள் போட்டு வாறன் என்று சொல்லிவிட்டுத்தான் எழும்புவோம். செத்த வீட்டில் மட்டும்தான் ஒன்றும் பேசாமல் எழும்பிப் போவோம். அங்கே நின்று வாறன் என்று சொன்னால், இன்னொரு சாவுக்கு வாறன் என்று சொன்னதாகிவிடும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். வதனி எங்கே கொண்டுபோய் எதை முடிச்சுப் போட்டாள் என்று பார். அன்றைக்குப் பிறகு நானும் அப்பாவும் கராச் இருக்கிற வீதியால் போவதை விட்டோம். அப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு கோயில் பக்கத்தால் சுற்றித்தான் துறைமுகத்துக்குப் போவார்.

ஒரு வருசத்துக்கு மேலே போன பிறகுதான் அந்த விடியற்காலை வந்தது. பல் விளக்கக் கிணற்றடிக்குப் போன உன் அப்பா திரும்பி வரவில்லை. நான் தேத்தண்ணியை ஊற்றி வைத்துவிட்டுக் கூப்பிட்டேன், பிறகு போய்ப் பார்த்தேன். பற்பொடி உள்ளங்கையில் அப்படியே இருந்தது. ஈரம்கூடப் படவில்லை. ஒரு நோய் இல்லை, ஒரு நெஞ்சு நோ இல்லை, முதல்நாள் பின்னேரம் பூமணியோடு பகிடி விட்டுக்கொண்டிருந்தவர். நான் கத்தினேனா இல்லையா என்றுகூட எனக்கு நினைவில்லை. உனக்குப் போனில் சொன்னதும் நான் இல்லை, மாமாதான். நீ வந்து இறங்கினபோது என்ன சொன்னாய், நான் என்ன சொன்னேன், ஒன்றும் தெரியாது. அந்த இரண்டு நாளில் எனக்கு நினைவிருக்கிறது அந்தப் பற்பொடியும் யோகண்ணை சொன்னதும் மட்டும்தான்.

அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் செத்த வீட்டுக்கு யாரும் சொல்லி அழைப்பதில்லையே, கோபதாபம் உள்ளவர்களும் வருவார்கள். வந்தார். அப்பாவின் காலடியில் நின்று கும்பிட்டார். நீ வெள்ளை வேட்டியோடு படலையடியில் நின்று வருகிறவர்களுக்குக் கை குடுத்துக்கொண்டிருந்தாய். அவர் உன் கையைப் பிடித்தபோது நீ வேறு எங்கேயோ பார்த்தாய், அதையும் நான் கண்டேன். பந்தலுக்குள் ஒரு கதிரையில் தலையைக் குனிந்தபடி கனநேரம் இருந்தார். மேளகாரர் தேத்தண்ணி குடிக்க நிறுத்தியிருந்த நேரம். அவர் எழும்பி உன்னிடம் வந்து, உன் தோளில் கை வைத்துச் சொன்னார்: "அப்ப தம்பி, நான் போட்டு வாறன்."

தேத்தண்ணிப் பேணியை வாயருகில் கொண்டுபோன ஆள் அப்படியே நின்றார். நான் அப்பாவின் தலைமாட்டில் இருந்து எழும்பி, அவ்வளவு சனத்துக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டேன்: "இனி ஆரைக் கொண்டுபோக வாறாய்? என்னையோ, என்ரை பிள்ளையையோ?" அவர் வாயைப் பொத்திக்கொண்டார். சைக்கிளைக்கூட எடுக்காமல், செருப்பையும் போடாமல் நடந்து போய்விட்டார். மாமா அந்தச் செருப்பைக் காலால் தட்டி வேலிக்கு வெளியே தள்ளி, "உது வேறை இஞ்சை கிடந்து துலையுது" என்றார். சைக்கிளைப் பின்னேரம் ஆரோ ஒரு பொடியன் வந்து உருட்டிக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகு எல்லாரும் ஒரே கதைதான். மனிசி சொன்ன சொல்லுக்குப் புருசன் கணக்குத் தீர்த்துவிட்டான். நீங்கள் எங்கள் வீட்டைச் செத்த வீடாக்கினீர்கள், இந்தா உங்கள் செத்த வீட்டில் நான் சொல்லிவிட்டுப் போகிறேன் என்று சொல்லாமல் சொல்லிவிட்டான். நானும் அப்படித்தான் நினைத்தேன். நீயும் அப்படித்தான் இன்றைக்கும் நினைக்கிறாய். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து நீ நீர்கொழும்புக்குப் பஸ் ஏறினபோது, போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று நீ சொல்லும் வரைக்கும் நான் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. உனக்குத் தடிமன் காய்ச்சல் என்றால் விடியும்வரை விளக்கை அணைக்கமாட்டேன். எனக்கு ஒரு இருமல் வந்தாலும், யோகன் சொன்ன ஆள் நான்தானோ என்று நினைப்பேன். அப்பாவுக்காக அழக்கூட என்னை விடவில்லை அந்தப் பயம்.

இதற்குள் வதனி வேறு. முப்பத்தொன்று கழிந்த அடுத்த வெள்ளிக்கிழமை வந்தாள். படலைக்கு வெளியிலேயே நின்று, "உடம்பு எப்பிடி அக்கா?" என்றாள். நான் முகம் குடுக்கவில்லை. அடுத்த வெள்ளியும் வந்தாள். பிரசர் குளிசை ஒழுங்காய்ப் போடுகிறேனா என்று கேட்டாள். என் காலைக் குனிந்து பார்த்து, வீக்கம் இல்லை என்றாள். பெட்டிக்கு அளவெடுக்க வந்தவள் மாதிரி என்று பூமணியிடம் சொன்னேன். பூமணி சிரித்துவிட்டு இன்னொரு கதை சொன்னாள். அவள் மீன் கொண்டு தொண்டைமானாற்றுப் பக்கம் போகிறபோது கண்டாளாம், யோகண்ணை வெள்ளிக்கிழமைகளில் செருப்பில்லாமல் சந்நிதி கோயிலுக்கு நடந்து போகிறாராம். என்னத்துக்கு என்று கேட்டால், நேர்த்தி என்று மட்டும் சொல்லிவிட்டு நடையைக் கட்டுவாராம். பாவம் செய்தவன் கும்பிடத்தானே வேணும் என்று நான் சொன்னேன்.

போன கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. இனி உன் மனிசியை என் வீட்டுக்கு அனுப்பாதே என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வருவோம் என்று கிளம்பினேன். கராச் மூடுகிற நேரம். ஆள் ஒரு எஞ்சினுக்குள் குனிந்துகொண்டு நின்றார். நிமிர்ந்து என்னைக் கண்டதும் அவருடைய முகம் போன போக்கைப் பார்த்து நான்தான் பயந்துவிட்டேன். "அக்கா, வீட்டிலை ஒண்டுமில்லையே? தம்பிக்கு ஒண்டுமில்லையே?" என்று கேட்டார். கையில் இருந்த எஞ்சின் கழற்றுகிற சாவி நிலத்தில் விழுந்தது, எடுக்கவில்லை. "ஏன், ஒருத்தரும் சாகேல்லை எண்டு கவலையோ? செத்திட்டனோ எண்டு பாக்கவே கிழமைக் கிழமை மனிசியை அனுப்புறீர்?" என்று கேட்டேன். கேட்கலாம் என்று நினைத்ததை எல்லாம் கேட்டேன். ஏன் அன்றைக்கு அப்படிச் சொன்னனீர் என்று கேட்டேன். நாங்கள் உமக்கு என்ன பிழை செய்தோம், ஒரு பிள்ளை சொல்லாமல் வேலையை விட்டதற்கு ஒரு குடும்பத்தையே அழிக்கவா நினைத்தீர் என்று கேட்டேன்.

அவர் கைத்துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க ஒன்றும் இல்லாமல் போன பிறகும் துடைத்தார். பிறகு சொன்னார்.

"ஆறு வருசமக்கா. ஒவ்வொரு பின்னேரமும் நான்தான் முதல் வெளிக்கிடுறனான். அவன் நிண்டு பூட்டிப்போட்டு வருவான். வாசல்லை நிண்டு, அப்ப தம்பி, நான் போட்டு வாறன் எண்டு சொல்லுவன். அவன் ஓமண்ணை எண்டுவான். அண்டைக்கு அவன்ரை தோளிலை கை வைச்ச உடனை வாய் தன்ரை பாட்டிலை சொல்லிப்போட்டுது. சொன்ன பிறகுதான் நான் எங்கை நிக்கிறன் எண்டு தெரிஞ்சுது."

பக்கத்தில் கிடந்த பழைய டயரில் இருந்துவிட்டேன். மூன்று மாதமாக நான் எதற்குப் பயந்து செத்துக்கொண்டிருந்தேனோ, அது ஒரு மனிசனுடைய பழக்கம். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவன் சொல்கிற சொல். அதில் பழி இல்லை, வன்மம் இல்லை, ஒன்றுமே இல்லை. நான் அவ்வளவு சனத்துக்கு முன்னால் அவரை எமன் ஆக்கிவிட்டேன். அவரும் என்னைப் போலவே பயந்துகொண்டு திரிந்திருக்கிறார். தன் வாயால் எங்கள் வீட்டில் ஏதும் நடந்துவிடுமோ என்று. வதனியை அனுப்பினது அதற்கு. சந்நிதிக்கு நடக்கிறதும் அதற்குத்தான். உனக்கும் எனக்கும் ஒரு வருசம் ஒரு குறையும் வரக்கூடாது என்று நேர்த்தியாம். எனக்கு ஒன்றும் வராது, நீர் வெயிலில் நடந்து விழுந்துவிடாதேயும் என்றேன். "நேர்த்தியை நடுவிலை விட ஏலாதக்கா" என்றார். இரண்டு பேரும் அழவில்லை. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அப்பா போன பிறகு அதுதான் முதல் சிரிப்பு. அதை நினைத்தாலும் எனக்குத் திகைப்பாக இருக்கிறது.

ஆனால் நான் ஒரு விசயத்தில் இறங்கிப் போகவில்லை, கேள். தம்பியைத் திரும்பக் கூப்பிடப்போகிறேன் என்று அவர் சொன்னார். செய்த பிழைக்குப் பரிகாரமாக வேலை குடுக்கிறீரோ, அப்படியென்றால் அவன் வரத் தேவையில்லை என்று சொன்னேன். அவருக்கு உடனே கோபம் வந்துவிட்டது. "பரிகாரத்தை நான் சந்நிதியிலை செய்யிறன். கராச்சுக்கு எனக்கு எஞ்சின் தெரிஞ்ச ஆள் வேணும். உது ரெண்டையும் போட்டுக் குழப்பாதேங்கோ அக்கா" என்றார். எனக்கு அந்தக் கோபம் பிடித்தது. இரக்கப்பட்டுக் கூப்பிடுகிறவன் அப்படிக் கோபப்படமாட்டான். கராச்சில் இப்போது வேலைக்கு நிற்கிற ஆள் நல்லவன், ஆனால் சொன்ன வேலையை மட்டும் செய்வானாம். பின்னேரம் மணி பார்த்துக்கொண்டு நிற்பானாம்.

நான் எழும்பி வெளிக்கிடுகிறபோதுதான் அவர் அடுத்ததைக் கேட்டார். இதுதான் என்னை இன்னும் விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. "அக்கா, அவன் ஏன் போனவன்? நான் அவனுக்கு என்ன செய்தன்? முதல்நாள் ஒரு போல்ட்டை வடிவா இறுக்கேல்லை எண்டு ஏசினனான். அதுக்கோ? இல்லாட்டி வதனி ஏதும் சொன்னவளோ?" ஒன்றரை வருசமாக அந்த மனிசன் தன்னிடம் பிழை தேடிக்கொண்டு இருந்திருக்கிறார். உன் இரண்டு வரியில் காரணம் இல்லையாம். போகிறேன் என்று மட்டும் இருந்ததாம். முகத்தைப் பார்த்தால் போக ஏலாது என்று நீ குசினிக்குள் நின்று சொன்னது எனக்குத் தெரியும். என் வாய் நுனிவரைக்கும் வந்தது. ஆனால் நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல நான் ஆர்? அது உன் வாயால் வர வேண்டியது. "உங்களிலை பிழையில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அவர் நம்பவில்லை.

ராசா, நாங்கள் இந்த ஊரை விட்டு ஓடினதை நீ காணவில்லை. சண்டை வந்து எல்லாரும் எழும்பி ஓடின நாளில் ஒருவருக்கும் ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை. வேலிக்கு அங்காலே இருந்தவர்களுக்கே சொல்லவில்லை. அடுப்பில் கிடந்ததை இறக்கவில்லை. அப்படி விட்டுவிட்டு ஓடின சிலரை நான் பிறகு கண்ணால் காணவேயில்லை. எங்களுக்குச் சொல்ல நேரம் இருக்கவில்லை. உனக்கு இருந்தது. நான் உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை, வித்தியாசத்தைச் சொல்கிறேன்.

இடம்பெயர்ந்து இருந்த காலத்தில் நான் நீர்வேலியில் ஒரு வாழைத் தோட்டத்தில் கூலி வேலை செய்தேன். தோட்டக்காரி மனோன்மணியக்கா வாய்க்காரி. நான் வாழைப்பொத்தி ஒன்று கேட்டு எடுத்தாலும், "கடற்கரையாளுக்கு வாழைப்பொத்தியிலை என்ன ஆசை, மீன் கிடைக்கேல்லையே?" என்று நக்கல் அடிப்பாள். திரும்ப ஊருக்குப் போகலாம் என்று விட்டபோது நான் அவளிடம் முன்கூட்டியே போய்ச் சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. அது கஷ்டமாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் நான் விடாமல் போய், பிடித்த வரம்பை முழுக்கப் புல்லுப் பிடுங்கி முடித்து, எந்த வாழைக்குட்டியை எங்கே வைத்தேன் என்று அடுத்து வந்தவளுக்குக் காட்டிக்குடுத்துவிட்டுத்தான் வெளிக்கிட்டேன். இஞ்சை வந்து இரண்டாம் வருசம் கடல் சரியில்லாமல் போய், அப்பாவின் வலையும் அறுந்து, ஒன்றும் இல்லாமல் நின்றபோது, நான் திரும்பி அந்தத் தோட்டத்துக்குப் போனேன். படலையைத் திறந்தவள் ஒரு கேள்வி கேட்கவில்லை. "மம்பெட்டி அந்த மூலையிலை கிடக்கு" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கு அவள் என்னைக் கேள்வி கேட்டிருந்தால் நான் திரும்பி வந்திருப்பேன். கேட்கத் தேவையில்லாத மாதிரி நான் போயிருந்தேன், அதுதான் விசயம்.

அதனால் நான் உன்னை யோகண்ணையிடம் வேலைக்குப் போ என்று சொல்லப்போவதில்லை. கப்பலுக்குப் போகாதே என்றும் சொல்லப்போவதில்லை. அம்மா தனிய இருக்கிறா என்று ஒருக்காலும் திரும்பி வராதே. அப்படி வந்தால் ஒரு நாள் அதை எனக்குச் சொல்லிக் காட்டுவாய், அது எனக்கு வேண்டாம். பூமணி இருக்கிறாள், வெள்ளிக்கிழமையில் இனி வதனி படலைக்கு உள்ளே வந்து தேத்தண்ணி குடிப்பாள். என் பாடு போகும். நான் சொல்வது வேறு. நீ இன்னும் யோகண்ணையிடம் இருந்து விலகவில்லை. விலகாதவன் எப்படித் திரும்பிப் போகிறது? முதலில் போய் அந்த வேலையை விடு. அவர் முகத்துக்கு முன்னால் நின்று, நான் இதற்காகப் போனேன், உங்களில் பிழையில்லை என்று சொல்லு. முகத்தைப் பார்த்தால் போக ஏலாது என்றாயே, அந்த முகத்தைப் பார். அவர் ஏசினால் கேள். மனோன்மணியக்கா மாதிரி முகத்தைத் திருப்பினால் திரும்பும் வரைக்கும் நில். அதற்குப் பிறகும் அவர் கேட்டால், உனக்கும் மனம் இருந்தால், அப்போது யோசி. சம்பளத்தையும் அப்போதே கதை, வெட்கப்பட்டு விட்டுவிடாதே. மனம் இல்லாவிட்டால் கப்பலுக்குப் போ. ஆனால் அந்த மனிசனைப் பிழை தேட விட்டுவிட்டுப் போகாதே.

நீர்கொழும்பிலும் அப்படியே செய். மூடுகிறவன் அவன்தானே, நான் ஏன் சொல்ல வேண்டும் என்று நினைக்காதே. கையில் எடுத்த எஞ்சினைப் பாதியில் விடாதே, பூட்டி ஓட்டிக் காட்டு. அவர்களின் சாமான்களைத் துடைத்து எண்ணிக் குடு. அந்த முதலாளி மாத்தையாவிடம் நேரில் போ. நீ காய்ச்சலாகக் கிடந்தபோது கஞ்சி வைத்துத் தந்தாள் என்றாயே அவருடைய மனிசி, அவளிடமும் போ. பாஷை தடுமாறினாலும் பரவாயில்லை, நேரில் போய் நின்றாலே அரைவாசி சொன்னமாதிரித்தான். அந்த இடம் திரும்பத் திறந்தால் உன் பெயர் அவர்களுக்கு முதலில் நினைவு வர வேண்டும். வராவிட்டாலும் பரவாயில்லை, நீ நிம்மதியாகப் பஸ்ஸில் நித்திரை கொண்டு வரலாம்.

அப்பா இருந்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்கமாட்டார். இரண்டு சொல்லில் ஏசி முடித்திருப்பார். எனக்கு ஏசத் தெரியவில்லை. ஏசினது ஒரு தரம், அதுவும் பிழையான ஆளை.

மாதம் முடிய வருவாய்தானே. பஸ் எங்கள் ஒழுங்கைக்கு வர முதல் துறைமுகச் சந்தியில் நிற்கும். அங்கே இறங்கு. பையோடயே கராச்சுக்குப் போ, முகம் கழுவிவிட்டுப் போகலாம் என்று முதலில் வீட்டுக்கு வராதே. வந்தால் நான் இரங்கிவிடுவேன், நாளைக்குப் போகலாம் என்று சொல்லிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். எவ்வளவு நேரம் ஆனாலும் பிரச்சினையில்லை. நீ வந்த பிறகுதான் உலை வைப்பேன்.

அம்மா